கிண்ணம் போகும் வரிசை

1

வாசலில் பனி அள்ளிவிட்டு வந்து தபால்பெட்டியைத் திறந்தேன். கரண்ட் பில்லுக்கும் பீட்சா விளம்பரத்துக்கும் நடுவில் கோயில் கடிதம் ஒன்று கிடந்தது. கோயில் என்று நான் எழுதுவது தேவாலயத்தை. ஊரில் கிறிஸ்தவர்களாகிய நாங்களும் அப்படித்தானே சொல்லுவோம்.

எங்கள் கோயிலில் வருடாவருடம் லெந்து என்கிற தவக்காலத்தில், உயிர்த்த ஞாயிறுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஆண்களுக்கென்று காலைச் சாப்பாடு வைப்பார்கள். பான்கேக், முட்டை, கோப்பி. சாப்பிட்டபின் ஏதாவது ஒரு பொருள் பற்றிப் பேச்சு. பாதிரியார் அலன் எழுதியிருந்தார்: போன வருடம் இனமும் நிறமும் பற்றி மனந்திறந்து பேசினோம், பலருக்கும் மறக்க முடியாத காலை அது, இந்த வருடம் ஓய்வுக்காலச் சேமிப்புப் பற்றிப் பேசுவோம். ஒரு காலையில் இனப்பிரச்சினையை முடித்தாயிற்று, அடுத்தது பென்சன்.

கடிதத்தின் அடியில் பேனையால் இன்னும் இரண்டு வரி. "ராஜ், உன் நண்பர் சாமுவேலைக் கட்டாயம் அழைத்து வா. அன்று அவர் சொன்னதை நான் இன்றும் பிரசங்கங்களில் சொல்கிறேன்."

அன்று அவர் சொன்னதாக நான் சொன்னதை, என்று இருந்திருக்க வேண்டும். அது பாதிரியாருக்குத் தெரியாது. ஒரு வருடமாக எனக்கும் சாமுவேல் அண்ணைக்கும் மட்டும் தெரியும்.

2

என் பெயர் அருள்ராஜா. இங்கே ராஜ். ஊரில் கந்தோரில் கிளார்க்காக இருந்தவன். எண்பத்தாறில் கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவில் பார்க்டேல் பகுதியில் ஒரே அப்பார்ட்மென்ற்றில் ஏழு பேராய்ப் படுத்தெழும்பி, வெக்ஸ்போர்ட்டுக்கு மாறி, இப்போது மில்லிக்கனில் ஒரு வீட்டுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். கந்தோர் இங்கிலிசு கைவசம் இருந்தபடியால் வந்த நாள் தொடக்கம் எங்கள் ஆட்களுக்கு நான்தான் வாய். டொக்டரிடம், அரசாங்க உதவிப்பணம் தரும் வெல்பெயர் கந்தோரில், பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் பக்கத்துக் கதிரை எனக்குத்தான். சிலகாலம் அகதி விசாரணைகளிலும் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். அங்கே முதலில் சத்தியம் வாங்குவார்கள். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும், கெட்ட வார்த்தையென்றாலும் அப்படியே சொல்ல வேண்டும். நானும் சொல்லியிருக்கிறேன்.

சத்தியம் வாங்காத இடங்களில் கை கொஞ்சம் நீளும். வெல்பெயர் பெண்ணிடம் ஆள் கத்தினால் நான் மரியாதையாகக் கேட்பேன். டொக்டரிடம் ஆள் அழுதால் "கொஞ்சம் கவலையாக இருக்கிறாராம்" என்பேன். நன்மைக்குத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

சாமுவேல் அண்ணை எங்கள் ஊர். தொண்ணூற்றிரண்டில் மகளுடன் வந்து சேர்ந்தார். வெக்ஸ்போர்ட்டில் அவர்களின் அப்பார்ட்மென்ற்றில் வைத்து அகதி விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள் என்ற கேள்விக்கு ஷெல்லடியை எழுதினேன், மகன் காணாமல் போனதை எழுதினேன். அவர் இன்னொன்றும் சொன்னார்.

"எங்கடை ஆக்களும் எங்களை மனிசராய் வைச்சிருக்கேல்லை எண்டதையும் எழுதும். கிணத்திலை அள்ள விடேல்லை. கோயிலிலையும் இருக்கிறது கடைசி வாங்கிலைதான்."

"அண்ணை, அதெல்லாம் எழுதினால் கேஸ் குழம்பும்" என்றேன்.

அவர் என் பேனையைப் பார்த்தார். "சரி, உமக்குத்தானே தெரியும்" என்றார்.

அவருடைய சாதியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எங்கள் ஊரின் பெயரையும், அந்தக் கோயிலின் பெயரையும், ஐயா என்று நான் கூப்பிட்ட என் தகப்பனின் பெயரையும்கூட எழுதவில்லை. அவருடைய தகப்பனார் என் ஐயாவை 'நயினார்' என்றுதான் கூப்பிடுவார், எசமான் என்பதுபோல. ஐயா அவரை 'நீ' என்பார், ஐயாவைவிட அவர் பத்து வயது மூத்தவர். ரொறன்ரோவில் நான் சாமுவேல் அண்ணை என்று கூப்பிட்டேன். அவர் எனக்குத் 'தம்பி' என்று சொல்ல இரண்டு வருடம் எடுத்தது. அந்தச் சொல் முதல்முதல் வந்த அன்று எனக்கு மனம் நிறைந்தது. கனடா எல்லாவற்றையும் கழுவிவிட்டது என்று மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

3

எங்கள் கோயில் ஒருகாலத்தில் முழுக்க வெள்ளைக்காரருடையது. பிறகு கரிபியன் ஆட்கள் வந்தார்கள், அதற்குப் பிறகு நாங்கள். திருவிருந்தின்போது ஆட்கள் நடுவழியால் வரிசையாகப் போய், பீடத்துக்கு முன்னால் உள்ள மரக்கிராதியில் முழங்காலிடுவோம். அப்பம் வரும், பின்னால் திராட்சரசக் கிண்ணம் வரும். ஒரே கிண்ணம். ஒருவர் குடித்ததும் பாதிரியார் துணியால் விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தைச் சற்றுத் திருப்பி, அடுத்தவர் வாயில் வைப்பார்.

எனக்குச் சரி எதிர்ப்பக்க வாங்கில் கிளிப்ரன் இருப்பான். பார்பேடோஸ்காரன், லிப்ற் திருத்தும் வேலை, என்னைவிட ஐந்தாறு வயது கூட. நல்ல மனிதன். என் கார் பனியில் புதைந்த நாளில் தள்ளிவிட்டவன். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சோறும் கோழியும் கொண்டுவந்து தந்தவன். அவனுடன் கை குலுக்குவேன், பகிடி விடுவேன், அந்தக் கோழியையும் சாப்பிட்டேன்.

ஆனால் அவனுக்குப் பிறகு கிண்ணத்தில் வாய் வைக்க என்னால் முடியவில்லை. இதை அந்த நாட்களில் எனக்கு நானே சொன்னதில்லை. எங்கள் வரிசை எழும்பும் நேரம் வந்தால் என் கால் தானாக முந்தும். கிளிப்ரன் எப்போதும் ஆறுதலாகத்தான் எழும்புவான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கூட்டுக்குள் வைத்து, கூட்டை மூடி, சட்டைப்பையில் போட்டு, அதன்பிறகுதான் எழும்புவான். அதற்குள் நான் இரண்டு ஆள் முன்னால் போயிருப்பேன். இவங்கள் எல்லாத்திலும் சோம்பல்தான் என்று ஒருநாள் நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. எட்டு வருடம், ஞாயிறு தவறாமல் இப்படி.

அதே கிராதியில் வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி இருந்தாள். என் பக்கத்தில் முழங்காலிட நேர்ந்தால் கிண்ணத்தில் குடிக்க மாட்டாள், அப்பத்தை இரசத்தில் தோய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். மற்ற நாட்களில் குடிப்பாள். அதை நான் முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டேன்.

4

போன வருடக் காலைச் சாப்பாட்டுக்கு எட்டுப்பேர் வந்திருந்தோம். கோயிலின் நிலக்கீழ் மண்டபம், மடிக்கிற மேசைகள், சிரப் மணம். எங்கள் ஆட்களில் நானும் சாமுவேல் அண்ணையும் மட்டும். அவருக்கு இங்கிலிசு ஓடாது, வழக்கம்போல என் பக்கத்துக் கதிரை.

இங்கே பேசுவது இந்த மண்டபத்தை விட்டு வெளியே போகாது, உண்மையை மட்டும் பேசுவோம் என்று பாதிரியார் ஆரம்பித்தார். முதலில் எல்லோரும் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஹரல்ட் என்ற கிழவர் வாய் திறந்தார். குழாய் திருத்தும் வேலை செய்து ஓய்வெடுத்தவர். "உங்கள் ஆட்கள் எங்கள் தெருவுக்கு வரத் தொடங்கியதும் வீட்டை விற்க நினைத்தேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆள் கூப்பிட்டு விலையும் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது." அவர் காது சிவந்திருந்தது. நான் பெரிய மனிதனாகத் தலையாட்டினேன்.

அடுத்தது கிளிப்ரன். இளம் வயதில் கனடாவுக்கு வந்த முதல் ஞாயிறு, வேறொரு கோயிலுக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனானாம். வாசலில் நின்ற பாதிரியார் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் ஆட்களுக்குப் பொருத்தமான கோயில் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்று வழி காட்டினாராம். "மிக அன்பாக வழி காட்டினார்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினான்.

எனக்கும் தொண்டை திறந்துவிட்டது. தொழிற்சாலையில் பட்ட அவமானங்களைச் சொன்னேன். அப்புறம், இந்தக் கோயிலிலேயே ஒருவர் எனக்குப் பிறகு கிண்ணத்தில் குடிப்பதில்லை என்றேன். பெயர் சொல்லவில்லை. "பதினொரு வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன். கடவுளின் மேசையிலும் நான் அழுக்கா?" என்று கேட்டபோது என் குரல் உடைந்தது. நடிக்கவில்லை, உண்மையாகவே நெஞ்சு நொந்தது. கிளிப்ரன் எழும்பி வந்து என் தோளில் கை வைத்தான். "எனக்குத் தெரியும், சகோதரா" என்றான்.

அப்போதுதான் சாமுவேல் அண்ணை என் முழங்கையைத் தட்டினார். நான் பேசியதை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே பேசியிருந்தேன், பழக்கம் அப்படி.

"தம்பி, நானும் கதைக்கோணும். சொல்லுறதை அப்பிடியே சொல்லும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் கிளிப்ரனைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"எங்கடை அப்பா நாப்பது வருசம் ஊர்க் கோயிலுக்குப் போனவர். கிண்ணம் எல்லாருக்கும் போய் முடிஞ்சு, கடைசியிலைதான் எங்கடை ஆக்களுக்கு. ஆர் எப்ப எழும்பிறது எண்டு கை காட்டிறது தம்பியின்ரை ஐயா. நான் முதல்முதல் திருவிருந்து எடுத்த அண்டைக்கு, புதுச் சேட்டு, சந்தோசத்திலை முந்திப் போயிட்டன். ஐயா என்ரை தோளிலை பிடிச்சுத் திருப்பி விட்டவர். அடிக்கேல்லை, பேசேல்லை. சிரிச்சுக்கொண்டுதான் திருப்பினவர். அப்பா எல்லாருக்கும் முன்னாலை நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார்."

கோப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இஞ்சை நான் பின் வாங்கிலை இருந்து ஒவ்வொரு ஞாயிறும் பாக்கிறன். உனக்குப் பிறகு குடிக்கப்படாது எண்டு தம்பி உனக்கு முந்தி ஓடுறார். ஐயாவின்ரை அதே நடை. அந்தக் கிழவியைப் பற்றி அழுதவர் இதையும் சொல்லியிருக்கோணும். அவர் சொல்லேல்லை. அதுதான் நான் சொல்லுறன்."

என்னிடம் திரும்பினார். "சொல்லும்."

ஏழு முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. கிளிப்ரனின் கை அப்போதும் என் தோளில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். இங்கிலிசு தங்குதடையில்லாமல் வந்தது. "அவருடைய தகப்பனார் நாற்பது வருடம் எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போனாராம். தான் முதல்முதல் திருவிருந்து எடுத்த நாளில் மிகவும் சந்தோசப்பட்டாராம். இங்கே பின் வாங்கிலிருந்து பார்க்கும்போது, இத்தனை நிறத்து மனிதர்கள் ஒரே கிண்ணத்தில் குடிப்பது தனக்கு அந்த நாளை ஞாபகப்படுத்துகிறதாம்."

பாதிரியாரின் கண் நிறைந்தது. ஹரல்ட் கைதட்டினார். கிளிப்ரன் என் தோளிலிருந்து கையை எடுத்து, சாமுவேல் அண்ணையை எழுப்பிக் கட்டிப்பிடித்தான். அவர் இரண்டு கையையும் தொங்கப் போட்டபடி நின்றார்.

5

திரும்பக் காரில் வரும்போது மூன்றாவது சிக்னலில் சாமுவேல் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"கிளிப்ரன் ஏன் என்னைக் கட்டிப்பிடிச்சவன்?" என்று கேட்டார்.

"உங்கடை கதையைக் கேட்டு மனம் உருகிப் போச்சு, அண்ணை."

"நான் சொன்னதைக் கேட்டவன் உம்மையெல்லோ பாத்திருக்கோணும்."

நான் வைப்பரைப் போட்டேன். மழையும் இல்லை, பனியும் இல்லை. அவர் கட்டடத்து வாசலில் இறங்கும்போது கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அடுத்த ஞாயிறு கூப்பிடப் போனபோது காய்ச்சல் என்றாள் மகள். அதற்கடுத்த ஞாயிறும் காய்ச்சல். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

என் மகள் ஷரோனும் கோயிலுக்கு வருவதை விட்டிருந்தாள், அது அதற்கும் முன்னால். எங்கள் பக்கத்து வீட்டை ஒரு கறுப்பினக் குடும்பம் வாங்கிய புதிதில், சாப்பிட வந்திருந்த நண்பர் ஒருவர், "கறுவல் வந்திட்டான், இனி உங்கடை வீட்டு விலை விழும்" என்றார். நான் சிரித்தேன். ஷரோன் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். "அப்பா, யூ கோ டு சேர்ச் எவ்ரி சண்டே" என்றாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடச் சிநேகிதம் பிள்ளையைக் கெடுக்கிறது என்று நானும் மனைவியும் அன்றிரவு பேசிக்கொண்டோம். பிள்ளைகள் எங்களைவிட்டுத் தூரப் போகிறார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதும் தகப்பன்களில் நானும் ஒருவன். என்ன கேட்டுவிட்டுத் தூரப் போகிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் கிளிப்ரனுக்கு முந்தித்தான் போனேன். பின் வாங்கு வெறுமையாக இருந்ததால் இன்னும் சுகமாக முந்த முடிந்தது. ஒரு மனிதன் தன்னைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகும் மாறாமல் இருக்க முடியும் என்பதை நான் என்னிடம்தான் கண்டேன்.

6

கடிதம் வந்த வார ஞாயிறு, ஆராதனை முடிந்து கோப்பிக் கோப்பைகளைக் கழுவும் முறை எனக்கும் கிளிப்ரனுக்கும். நான் கழுவ அவன் துடைத்தான். கடிதத்தில் பாதிரியார் எழுதியிருந்ததைச் சொன்னேன். அப்படியே மற்றதையும் சொன்னேன். சாமுவேல் அன்று அப்படிச் சொல்லவில்லை, நீ குடித்த கிண்ணத்தில் குடிக்கக்கூடாது என்று நான் உனக்கு முன்னால் ஓடுகிறேன் என்றுதான் சொன்னார், அது உண்மை என்றேன். தண்ணீர்க் குழாயை மூடாமலே சொன்னேன். கேளாமல் போனாலும் போகட்டும் என்று இருந்திருக்க வேண்டும்.

கிளிப்ரன் எட்டிக் குழாயை மூடினான்.

"ராஜ், நான் ஏன் கண்ணாடியைக் கழற்றுகிறேன் என்று நினைத்தாய்?"

எனக்கு விளங்கவில்லை.

"என்னுடையது தூரப் பார்வைக் கண்ணாடி. நடக்கத்தான் எனக்கு அது தேவை. கழற்றிவிட்டுப் போனால் படி தெரியாது, ஒருமுறை தடுக்கியும் இருக்கிறேன். நீ அவசரப்பட்டு ஒருநாள் ஒரு கிழவியை இடித்தாய். அன்றிலிருந்து உனக்கு நேரம் கொடுக்கிறேன்."

எட்டு வருடம். நான் சோம்பல் என்று நினைத்தது.

"வாசலில் வழி காட்டிய பாதிரியார்மேல் எனக்குக் கோபம் வந்தது" என்றான். "உன்மேல் கோபம் வரவில்லை. களைப்பாக இருந்தது." பிறகு துணியை உதறி மடித்துக்கொண்டு கேட்டான்: "அந்த மனிதர் அன்று நீண்ட நேரம் பேசினாரே. அவ்வளவுதானா சொன்னார்?"

"அவ்வளவுதான்" என்றேன்.

அடுத்த ஞாயிறு நான் எழும்பாமல் இருந்தேன். கிளிப்ரன் என்னை ஒருமுறை பார்த்தான். கண்ணாடியைக் கழற்றாமல் எழும்பி நடந்தான். நான் பின்னால் போய் அவனுக்கு வலப்பக்கத்தில் முழங்காலிட்டேன். கிண்ணம் அவனிடமிருந்து என்னிடம் வந்தது. குடித்தேன். பொய் சொல்லமாட்டேன், பாதிரியார் எந்தப் பக்கத்துக்குத் திருப்பினார் என்று என் கண் பார்த்தது.

7

அன்று பின்னேரமே வெக்ஸ்போர்ட்டுக்குப் போனேன். எனக்கு நெஞ்சு இலேசாக இருந்தது, அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சாமுவேல் அண்ணை மெலிந்திருந்தார். மகள் தேத்தண்ணி வைத்தாள். இப்போது மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவில், உடுப்புத் தோய்க்கிற கடைக்குப் பக்கத்துக் கடையில் நடக்கிற சபைக்குப் போகிறாராம். மகளின் சிநேகிதி காரில் ஏற்றிப் போகிறாளாம்.

"அங்கை திருவிருந்துக்கு ஆளுக்கொரு சின்னப் பிளாஸ்ரிக் கப் தருவினம்" என்றார். "முந்திறதும் இல்லை, பிந்திறதும் இல்லை. குடிச்சிட்டுக் குப்பையிலை போடுறது."

நான் கிளிப்ரனிடம் உண்மையைச் சொன்னதைச் சொன்னேன். கண்ணாடிக் கூட்டுக் கதையைச் சொன்னேன். அவனுக்குப் பிறகு குடித்ததையும் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "பாவம் பெடியன்" என்றார் கிளிப்ரனை. எனக்கு அழுகை வரப் பார்த்தது.

"அப்பாவின்ரை கதையையும் சொன்னனீரோ?"

நான் தேத்தண்ணியை எடுத்து வாயில் வைத்தேன்.

"ஐயா என்னைத் திருப்பி விட்டதை?"

"இல்லை அண்ணை."

"அவன் கேக்கேல்லையோ?"

"கேட்டவன்."

அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அகதிப் போமிலை எழுதாமல் விட்டதைத்தான் இதிலையும் விட்டிருக்கிறீர்" என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "நயினாருக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி விடு பிள்ளை" என்றார்.

இதையெல்லாம் நான் எழுத உட்கார்ந்தது அந்த ஒரு சொல்லால்தான். பார்பேடோஸ்காரன் ஒருவனிடம், வெள்ளைக்காரர் உனக்குச் செய்ததை நானும் செய்தேன் என்று சொல்ல என்னால் முடிந்தது. அது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் முடிந்தது. இதை நான் எங்கே கற்றேன் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் ஐயா அந்த மண்டபத்துக்குள் வந்துவிடுவார், சிரித்த முகத்தோடு, கையைக் காட்டிக்கொண்டு.

ஊரில் இதை வாசிப்பவர்களில் அந்தக் கோயிலுக்குப் போனவர்களும் இருப்பீர்கள். முன்வாங்கில் இருந்தவர்களும் இருப்பீர்கள், கடைசிவரை காத்திருந்தவர்களும் இருப்பீர்கள். உங்களுக்குத் தெரியட்டும் என்று ஊரின் பெயரையும் ஐயாவின் பெயரையும் இந்தக் குறிப்பில் மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் வெட்டிவிட்டேன்.